"நாளைக்குப் பார்க்கலாம்": நீலகிரியில் சொந்தத் தொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் சின்னக் கடைகள், பேக்கரிகள், காட்டேஜ்காரர்கள், ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் இவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கணக்கு விஷயமாக வருபவர்களில் பலருடைய பேச்சு கடைசியில் வேறு இடத்தில் வந்து நிற்கும். "செய்யணும்னு தெரியுது, ஆனா செய்ய மாட்டேங்கிறேன்." திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

சம்பளத்துக்கு இருந்தபோது எல்லா வேலையையும் நேரத்துக்கு முடித்தேன். சொந்தக் கடை போட்டதும் ஏன் இப்படி ஆகிவிட்டேன்?

நீங்கள் மாறவில்லை. முன்பு உங்கள் வேலைக்காக ஒருவர் காத்திருந்தார், இப்போது அந்த ஆள் இல்லை. மேனேஜர் கேட்பார், பக்கத்து மேஜைக்காரர் உங்கள் ஃபைலுக்காக உட்கார்ந்திருப்பார். இப்போது ஸ்டாக் எடுக்காவிட்டாலும், போர்டு மாற்றாவிட்டாலும், யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

நம் ஊர்த் தேயிலையையே பாருங்கள். எவ்வளவு சின்னத் தோட்டமாக இருந்தாலும் இலை பறிப்பதை யாரும் தள்ளிப்போடுவதில்லை. பறித்த பசுந்தேயிலை சாக்குக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும், அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் லாரி வந்து நிற்கும். எடை போடுபவர் காத்திருப்பார். பறிக்க வந்தவர்கள் வீடு திரும்பக் காத்திருப்பார்கள். மழையானாலும் குளிரானாலும் அந்த வேலை நடந்துவிடும். அதே தோட்டத்தில் கவாத்து, அதாவது செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை, மட்டும் இழுத்துக்கொண்டே போகும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. வெட்டினால் சில மாதங்களுக்கு இலை கிடைக்காது, கைக்கு வரும் காசு நிற்கும், "ஏன் இன்னும் வெட்டலை?" என்று எந்த லாரியும் வந்து கேட்காது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய், செடி உயரமாகிப் பறிக்கவே சிரமமாகி, முற்றிய இலை கூடி, கிடைக்கிற விலையும் இறங்கிய பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள்.

தோட்டக்காரர் ஒருவர்தான், உழைப்பாளிதான். ஒரு வேலைக்கு ஆள் காத்திருக்கிறார், இன்னொன்றுக்கு இல்லை. அதனால் நான் முதலில் சொல்லும் வழி இதுதான்: தள்ளிப்போகும் வேலை எதுவோ, அதற்காக ஒருவரைக் காத்திருக்க வையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

அப்படியென்றால் இது சோம்பேறித்தனம் இல்லையா?

இல்லை. சோம்பேறி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். தள்ளிப்போடுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? பேங்குக்கு லெட்டர் எழுத வேண்டிய நாளில் கடை முழுக்கத் துடைத்து, ரேக்கில் ஜாடிகளை அளவு வாரியாக அடுக்கி, பழைய அட்டைப்பெட்டிகளைக் கட்டி வைத்திருப்பார். நாள் முழுக்க உழைத்திருப்பார். அந்த ஒரு லெட்டரை மட்டும் தொட்டிருக்க மாட்டார்.

ஃபியூஷா சிரோயிஸ், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு வேலையை நினைத்தாலே வரும் பயம், எரிச்சல், சலிப்பு இவற்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிப்பதற்காகத்தான் மனம் அதைத் தள்ளுகிறது. தப்பித்த நிம்மதி உடனே கிடைக்கிறது, அதற்கான விலை பிறகு வருகிறது. எனவே உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் பயன் கிடையாது. திட்டத் திட்ட அந்த வேலையைப் பற்றிய கசப்பு கூடும், இன்னும் தள்ளிப்போகும்.

எனக்கு எது பயம், எது சலிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரொம்ப நாளாக நிற்கும் ஒரு வேலையை எடுத்து, "இதை இப்பவே செய்ய உட்கார்ந்தால் முதலில் எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. யாரிடமாவது கூச்சப்பட வேண்டியிருக்கிறது. அல்லது, செய்தால் ஒரு உண்மை தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது நினைவிருக்கும். அவர் வாங்கும் சரக்கின் விலையும் ஏறிக்கொண்டே வந்தது. விற்கும் விலையை மட்டும் மாற்றவில்லை. "அடுத்த வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டு மாத்திடறேன்" என்று ஒரு சீசன் முழுக்க ஓடியது. கணக்குப் போடத் தெரியாதா என்றால், என்னைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவார். கேட்டபோது சொன்னார்: "எல்லாம் தெரிஞ்சவங்க சார். வருஷா வருஷம் கோயம்புத்தூர்லேருந்து வந்து நம்மகிட்டதான் வாங்குறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து எப்படி ஏத்திச் சொல்றது?"

அவருக்குத் தேவைப்பட்டது கால்குலேட்டர் இல்லை, அந்த முகத்தைப் பார்க்காமல் விலையைச் சொல்லும் வழி. பிரஸ்ஸில் புது விலையோடு லேபிள் அடிக்க ஆர்டர் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மறுநாள் பிரஸ்காரர் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, பாத்துட்டு ஓகே சொல்லுங்க, ஓட்டணும்" என்று கேட்டார். அங்கே ஒருவர் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். அன்று இரவே விலை முடிவானது. லேபிள் ஒட்டிய பிறகு வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பெட்டி சொல்லிவிடும். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் "என்னக்கா ஏத்திட்டீங்க?" என்று கேட்டார்கள், வாங்கிக்கொண்டும் போனார்கள்.

எப்படிச் செய்வது என்று தெரியாத வேலையாக இருந்தால் தெரிந்தவரைக் கேட்பது ஒன்றுதான் முதல் வேலை. உண்மையைப் பார்க்கப் பயம் என்றால், தனியாகப் பார்க்க வேண்டாம், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நஷ்டம் என்று தெரிந்துவிட்ட கடையைக் காப்பாற்ற வழி தேடலாம். நஷ்டமா லாபமா என்றே தெரியாத கடையை என்ன செய்ய முடியும்?

"சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறேன். சீசன் நேரத்தில் வேறு என்னதான் செய்ய முடியும்?

சீசனில் எதுவும் செய்ய முடியாது, அது உண்மை. ஏப்ரல், மே இரண்டு மாதமும், மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் இன்னும் கூடுதலாகவும், சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் யாரும் உங்களிடம் புதுத் திட்டம் போடச் சொல்ல மாட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சீசன் முடிந்ததும் களைப்பு. ஜூனில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், ஊட்டியில் சாரலும் மூடுபனியும் போகாது, ஆளும் வராது. அப்போது "வியாபாரமே இல்லை, என்னத்தைச் செய்யறது" என்று தோன்றும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். அது முடிவதற்குள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் லீவுக் கூட்டம். அப்புறம் உறைபனி. கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி மார்ச். "சீசன் முடியட்டும்" என்பதும் "சீசன் வரட்டும்" என்பதும் சேர்ந்து ஒரு வருடத்தையே தின்றுவிடும்.

ஆள் இல்லாத மாதத்துக்கென்று தனி வேலை வைத்துக்கொள்ளுங்கள், மாதத்தின் பெயரைப் போட்டு. காட்டேஜ்காரர் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆன்லைனுக்கு வேண்டிய போட்டோவை எடுத்துவிட வேண்டும். ஜூலையில் எடுத்தால் மூடுபனிதான் விழும். கூரை ஒழுகல், தகரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மார்ச் முடிவதற்குள். ஏப்ரலில் பிளம்பர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் அவர் சொல்வதுதான் கூலி. ஜூலை, ஆகஸ்ட் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு: மே மாதக் கணக்கைப் பிரித்து எது ஓடியது, எது தேங்கியது என்று பார்க்க, வேலையாட்களோடு பேச, லைசென்ஸ்களின் தேதி பார்க்க.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். மே மாதக் கூட்டம் வந்து எல்லாக் குறையையும் மூடிவிடும் என்று நம்பி மற்ற பத்து மாதத்தையும் விட்டுவிடுவது முன்பைவிட இப்போது அதிக ஆபத்து.

ஜிஎஸ்டி, பில், கணக்கு என்றாலே கை வரமாட்டேன் என்கிறது.

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேதிகள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரிக் கணக்கைச் சுருக்கிச் சொல்லி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் 20ஆம் தேதி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையை எடுக்கலாம். அதில் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்ததற்கு அடுத்த மாதம் 13ஆம் தேதி, 3பி தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதி. ஆனால் இடையில் வரும் இரண்டு மாதத்துக்கும் வரியை அடுத்த மாதம் 25க்குள் கட்ட வேண்டும். காம்பொசிஷனில், அதாவது சின்ன வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறையில், இருந்தால் காலாண்டு முடிந்ததற்கு அடுத்த மாதம் 18ஆம் தேதி. உங்களுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

தாமதமானால் 3பிக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய். உச்சவரம்பு உண்டு, ஆனால் அது ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தனித்தனி. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. தொடர்ந்து இரண்டு முறை 3பி போடாவிட்டால் சரக்கு அனுப்பும்போது கூடவே வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் எடுக்க முடியாமல் போகும். மாதாந்திர முறையில் ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். "மழை மாசம், விற்பனையே இல்லை, என்னத்தைப் போடறது" என்று விட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும்.

அடுத்தது பில்களைப் போட்டு வைக்கும் பை. என்னிடம் வரும் துணிப்பைகளைத் திறந்தால் ஈர வாடை அடிக்கும். பில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஓரத்தில் கறுப்புப் புள்ளி பூத்திருக்கும். மெஷினில் அடித்த பில் என்றால் எழுத்தே மங்கி, வெறும் வழவழ காகிதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து விழுகிறது, நாளாக நாளாக வெளிறிவிடும். பில் வாங்கிய இடத்திலேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை உங்கள் கணக்கருக்கு அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

மிச்சப் பாதிக்கு நான் செய்வது, ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு தேதியும் நேரமும் கொடுத்துவிடுவது. "5ஆம் தேதி மத்தியானம் மூணு மணிக்கு, எந்த நிலைமையில இருந்தாலும் பையைத் தூக்கிட்டு வந்துடுங்கண்ணே, டீ சொல்லி வெச்சிருக்கேன்." பில்லைச் சரிபார்த்து அடுக்கிவிட்டு வர வேண்டும் என்று சொன்னால் வரவே மாட்டார்கள். அப்படியே வாருங்கள் என்றால் வந்துவிடுகிறார்கள்.

வர வேண்டிய பணத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தள்ளிக்கொண்டே போகிறேன்.

ஓட்டல்களுக்கு வர்க்கியும் பிரெட்டும் போடுபவர்கள், துணி தைத்துக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கூச்சம் இருக்கிறது. ஊர் சின்னது, மார்க்கெட்டில் தினமும் முகம் பார்க்க வேண்டும். அதனால் கேட்கும் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, போன மாசம் 14ஆம் தேதி பில் ஒன்னு பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை பையனை அனுப்பட்டுமா, இல்ல ஜிபேயில போட்டுடறீங்களா?" அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், கோபமும் வேண்டாம். தேதி, எந்த பில், இரண்டு வழி.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு தொழில்களுக்கு, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு, இருக்க வேண்டும். அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த வட்டி உரிமை கிடையாது. வழக்குப் போட வேண்டியதில்லை, பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே பெரிய ஓட்டல்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவு கவனிக்கும்.

செய்ய வேண்டியதைப் பட்டியல் எழுதுகிறேன். பட்டியல்தான் நீளுகிறது.

"பேங்க் வேலை", "கூரை", "புது போர்டு" என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள். அவை தலைப்புகள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள் சொல்வது: எப்போது, எங்கே, எப்படி என்று சேர்த்து முடிவு செய்தவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். "கூரை" என்பதற்குப் பதில், "புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் கடை வாசலில் நின்றுகொண்டே தகர ஆசாரிக்குப் போன் போடுவேன்." கூரையை முழுதாக மாற்றுவது அப்புறம். போன் போடுவதுதான் புதன்கிழமை வேலை.

வீட்டில் கேட்டால் எரிச்சல் வருகிறது. அப்பா நடத்திய கடை, அவர் தினமும் "அதைச் செஞ்சியா?" என்கிறார்.

காத்திருக்கும் ஆளாக வீட்டாரை வைக்காதீர்கள். அவர்களுக்குத் திட்டும் உரிமை இருக்கிறது, உங்களுக்கும் திருப்பிப் பேசும் உரிமை இருக்கிறது. வேலை சண்டையாகிவிடும். கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கடைகளில் இது இன்னும் மோசம், கடைச் சண்டை ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வந்துவிடும்.

உங்களைத் திட்ட உரிமை இல்லாத, உங்களைப் போலவே கடை நடத்தும் ஒருவர்தான் சரியான ஆள். அதே தெருவில் வேறு தொழில் செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது, போட்டி இருக்காது. திங்கட்கிழமை டீ குடிக்கும்போது இருவரும் ஆளுக்கு ஒரு வேலை சொல்லிக்கொள்ளுங்கள், அடுத்த திங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று போதும். அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடலாம்: "இந்த ஒன்னை மட்டும் மாசக் கடைசியில கேளுங்கப்பா, நானே வந்து சொல்றேன்." சொன்னபடி போய்ச் சொல்லவும் வேண்டும்.

மழை, கரண்ட் கட், மண்சரிவு இதெல்லாம் காரணம் இல்லையா?

காரணம்தான். பர்லியார் ரோட்டில் மண் சரிந்தால் சரக்கு வராது, அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாளில் கரண்டும் ரோடும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்றை முன்பே குறித்து வைத்திருந்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி.

தள்ளிப்போடுவதே நல்லது என்ற வேலையும் உண்டா?

உண்டு. மே மாதக் கல்லாவைப் பார்த்து இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பது, சீசன் சூட்டில் கடனில் வண்டி எடுப்பது. இவற்றை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். மழை மாத வருமானத்திலும் தவணை கட்ட முடியுமா என்று அப்போதுதான் தெரியும். எந்தத் தேதியில் முடிவெடுப்பேன் என்று எழுதி வைத்துத் தள்ளுவது நிதானம்.

எல்லா உபாயமும் செய்து பார்த்துவிட்டேன். காலையில் எழவே மனமில்லை.

தூக்கம் கெட்டு, பசி போய், பிடித்த விஷயமும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது பழக்கத்தைப் பற்றிய கேள்வி இல்லை, உடம்புக்கு வருவது போன்ற ஒரு கஷ்டம். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். சின்ன ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால் போனிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடன் நெருக்கடியில் இருப்பவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஒரு வருட வேலை தேங்கிவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒழுங்கெல்லாம் வேண்டாம். அதில் நாளாக நாளாகத் தொகை ஏறும் விஷயங்களைச் சுழித்துக்கொள்ளுங்கள்: போடாத ரிட்டர்ன், கட்டாத தவணை, நகைக் கடன் வட்டி. இவைதான் முதல். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு தாண்டினால் தாக்கல் செய்யவே முடியாது என்ற விதி 2025 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அடுத்து, உங்களுக்காக ஒருவர் ஏற்கெனவே காத்திருக்கும் வேலைகள். சம்பள பாக்கி, நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட வாடிக்கையாளர், உங்களிடம் தைக்கக் கொடுத்த துணி. அவர்களுக்கு இன்றே ஒரு போன், "இந்தத் தேதிக்குள் முடித்துத் தருகிறேன்" என்று. வேலை முடிந்த பிறகு பேசலாம் என்று இருக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பதில் பாதியைச் செய்யவே வேண்டாம். ஆறு மாதமாகத் தொடாமல், அதனால் ஒரு நஷ்டமும் வராத வேலைகளைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். பிறகு தாளைப் படம் எடுத்து, திங்கட்கிழமை டீக்கு வரும் அந்த நண்பருக்கு அனுப்பிவிட்டு, சுழித்ததில் முதலாவதை எடுங்கள்.